கஞ்சி ஊற்றிய வேட்பாளர்

தேர்தல் முகவர் வேலைக்கு முன்வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் முதலில் என் மனமார்ந்த அனுதாபங்கள். வேட்பாளர் வென்றால் அவருக்கு மாலை விழும். தோற்றால் ஆறுதல் சொல்ல ஊரே திரண்டு வரும். முகவருக்கு இரண்டும் கிடையாது. ஆனால் வழக்கு என்று ஒன்று வந்தால் சட்டம் அவரை மறக்காது. வேட்பாளருக்குப் பக்கத்திலேயே அவருக்கும் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கும். வேட்பாளர் செய்வதற்கெல்லாம் பொறுப்பேற்பதாகக் கையெழுத்துப் போட்டவர் அவர்தானே.

என்னை ஏன் முகவராக்கினார்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நான் மலேசியாவிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்த பிறகும் திரும்பிப் போகாமல் லண்டனில், ஹரோவில் தங்கிவிட்டவன். காப்புறுதி அலுவலகத்தில் வேலை. நாற்பது வயதுக்கு மேல் நாட்குறிப்பு எழுதுகிறவன், விதிமுறைக் கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை படிக்கிறவன். தேர்தல் குழுவில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், எல்லோருமே தலைவர்கள். கையேட்டைப் படிக்க ஒரு தொண்டன் தேவைப்பட்டான்.

எங்கள் வேட்பாளரை எல்லோரும் ‘கவுன்சிலர்’ என்றே அழைப்பார்கள். அவர் கவுன்சில் பதவியை இழந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த விவரத்தை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை, அவரும் நினைத்துப் பார்க்கவில்லை. வடமேற்கு லண்டனில் இரண்டு தவணை அந்த நாற்காலியில் இருந்தவர். குப்பைத் தொட்டி முதல் பாடசாலை அனுமதி வரை சனத்துக்காக உண்மையிலேயே அலைந்தவர். பிறகு தோற்றார். வீட்டுக்குத் தொலைபேசி அழைப்புகள் குறைந்தன. அப்போதுதான் அவருக்கு லண்டன் முழுவதற்குமான சபையில் ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியது. சின்ன நாற்காலியை இழந்தவர்கள் பெரிய நாற்காலியைத்தான் தேடுவார்கள். ஏன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அவருடைய கட்சியோ அவருக்கென்று ஓர் இடத்தை ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்தது. வேட்பாளர் பட்டியலில் அல்ல, கூட்டம் நடக்கும் மண்டபத்தில், முன்வரிசையில். பார்த்தார், சுயேச்சையாக நின்றுவிட்டார். லண்டன் முழுக்க இருக்கிற தமிழர் எல்லோரும் போட்டால் போதும் என்பது கணக்கு. அந்தக் கணக்கை அதே நேரத்தில் லண்டனின் மறுகோடியில், வால்தம்ஸ்டோவில், இன்னொருவரும் போட்டுக்கொண்டிருந்தார் என்பது வேட்புமனு தாக்கல் செய்த பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்கடன் வாங்கிக் கொடுக்கும் தொழில் செய்யும் இளைஞர். அவரும் தமிழர், அவரும் சுயேச்சை, அவருக்கும் எல்லாத் தமிழரும் போடப் போகிறார்கள்.

வீடு வீடாகப் போனோம். போகும் வீடுகளை ‘நிச்சயம்’, ‘சந்தேகம்’, ‘இல்லை’ என்று பிரித்துக் குறிக்க வேண்டும். ஆங்கிலேயர் வீட்டில் இது சுலபம். கதவைச் சாத்தும் சத்தத்திலேயே விடை இருக்கும். தமிழர் வீட்டில் யாரும் ‘இல்லை’ சொல்வதில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தேத்தண்ணியும் கேக்கும் தந்து, “உதென்ன கேள்வி அண்ணை? ஓம், உங்களுக்குத்தான்,” என்பார்கள். ஹரோவில் ஒரு வீட்டில், தேநீர்க் கோப்பையின் கறை மேசையில் படாமல் இருக்க ஒரு தாளை விரித்திருந்தார்கள். அது வால்தம்ஸ்டோக்காரரின் லீஃப்லெட். கோப்பைக்குக் கீழே இருந்து அவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

வெளியே வந்ததும் நான், “சந்தேகம்னு போடட்டுமா அண்ணே?” என்றேன்.

“ஏன் தம்பி? அவன்ரை படத்துக்கு மேலயெல்லோ கோப்பையை வைச்சிருக்கினம். நிச்சயம் எண்டு போடுங்கோ.”

போட்டேன். எங்கள் குறிப்பின்படி லண்டனில் எங்களுக்கு எதிராக ஒரு தமிழ் வீடும் இல்லை. இப்படியொரு குறிப்பு உங்கள் கைக்கு வந்தால் அதை நம்பாதீர்கள் என்பது முதல் பாடம். மற்றப் பாடம் கொஞ்சம் நீளமானது.

கையேட்டில் நான் மூன்று முறை படித்த ஒரு பகுதி உண்டு. வாக்குப் பெறும் நோக்கத்தோடு வாக்காளருக்கு உணவோ பானமோ கொடுப்பது இந்த நாட்டில் தேர்தல் குற்றம். நிரூபணமானால் வேட்பாளர் பல ஆண்டுகளுக்கு எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாது. அறுபதைத் தாண்டிய ஒருவருக்குப் பல ஆண்டுகள் என்றால் இனி எப்போதுமே இல்லை என்று அர்த்தம். அரசியலைக் கழித்தால் கவுன்சிலரிடம் மிஞ்சுவது ஒரு சாய்வு நாற்காலியும் முழங்கால் வலியும்தான். ஆகவே எங்கள் கூட்டங்களில் பிஸ்கட்டைத் தடை செய்தேன். தேத்தண்ணியைத் தடை செய்தேன். தண்ணீர் மட்டும். “உவையின்ரை கூட்டத்துக்குப் போனா தொண்டை காஞ்சு திரும்பவேணும்,” என்று ஊர் முழுக்கப் பேச்சு. சட்டம் காப்பாற்றப்பட்டது.

கவுன்சிலரின் மனைவியை நான் அக்கா என்று அழைப்பேன். பிரசாரம் தொடங்குமுன் அவரிடம் முறையாகக் கேட்டேன். தேர்தல் முடியும்வரை வீட்டில் பிறந்தநாள், கலியாணம், விருந்து ஏதும் உண்டா?

“ஒண்டுமில்லைத் தம்பி. கோயில்ல ஒரு உபயம் இருக்கு. போன வருஷம் மே மாதத் தொடக்கத்தில செய்தது.”

போன வருடத்துத் திகதியைப் பார்த்தேன். வாக்களிப்பு நாளுக்கு மறுநாள் வந்தது. வாக்களிப்பு முடிந்த பிறகு ஊற்றும் கஞ்சியை வாக்குக்காக ஊற்றியது என்று யாரும் நிரூபிக்க முடியாது. நாட்குறிப்பில் அழகாக எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

வாக்களிப்புக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கும்போது, ஏப்ரல் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், “கோயில்ல சனம் கூடும், வாங்கோ,” என்று கவுன்சிலர் கூப்பிட்டார். எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள். முன்பு ஏதோ பட்டறையாக இருந்த கட்டடம், வாகனம் நிறுத்தும் இடத்தில் ஒரு கூடாரம், அவ்வளவு போதும். தூறலில் நனைந்துகொண்டு கூடாரத்துக்குள் நுழைந்தேன். உள்ளே மூன்று பெரிய அண்டாக்களிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அவற்றுக்கு நடுவில் அக்கா, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றார்.

“அக்கா, இன்னிக்கு என்ன விசேஷம்?”

“சித்திரைப் பூரணையெல்லோ, தம்பி. தாய் இல்லாத ஆக்கள் விரதம் இருக்கிற நாள். மாமியை நினைச்சு ஒவ்வொரு வருஷமும் கஞ்சி குடுக்கிறனாங்கள். இதுதான் நான் சொன்ன உபயம்.”

“மே மாசம்னு சொன்னீங்களே?”

“அது போன வருஷம். பூரணை மாறி மாறித்தானே வரும்? சந்திரன் உங்கட டயரியைப் பார்த்தே வாறவர்?”

பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, தேர்தல் நேரத்தில் வேட்பாளர் சனத்துக்குச் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று விளக்கினேன்.

“ஆர் வேட்பாளர்?” என்றார் அக்கா. “இது மகன் தாய்க்குக் குடுக்கிற கஞ்சி. அம்மாளுக்கு முன்னால வந்து சட்டம் கதைக்காதேங்கோ.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நோக்கம் வாக்கு அல்ல, நினைவு. வழக்கு வந்தாலும் நாங்கள் வெல்லக்கூடும். அதற்கு முன் ஓர் ஆங்கில நீதிபதிக்குச் சித்திரைப் பூரணை என்றால் என்ன, உபயம் என்றால் என்ன, இறந்துபோன தாய்க்கும் தெருவில் போகிறவர் குடிக்கும் கஞ்சிக்கும் என்ன தொடர்பு என்பதையெல்லாம் புரியவைக்க வேண்டும். அதுவும் ஒரு சின்ன விஷயம்தான், நான்கைந்து சட்டத்தரணிகள் இருந்தால். ஆனாலும் அமைதியாக நடந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அப்போது ஒலிபெருக்கி இருமியது. கோயில் செயலாளர் நல்ல மனிதர். யாரையும் பாராட்டாமல் அவரால் ஒலிவாங்கியைக் கீழே வைக்க முடியாது.

“இன்றைய சித்திரைக் கஞ்சி உபயம் எங்கள் கவுன்சிலர் குடும்பத்தினர். லண்டன் மாநகர் முழுவதற்குமான தேர்தலில் களமிறங்கியிருக்கும் அன்னாருக்கு உங்கள் பேராதரவை வழங்கி, வெற்றிபெறச் செய்யுமாறு அம்பாளின் பெயரால் கேட்டுக்கொள்கிறோம். இப்போது அவர் முதற் கரண்டியை வழங்கித் தொடக்கி வைப்பார்.”

அந்த வாக்கியங்களுக்கு முன்வரை அண்டாவில் இருந்தது கஞ்சி. அதற்குப் பிறகு அண்டாவில் இருந்தது தேர்தல் குற்றம்.

பட்டு வேட்டியும் வெறும் வயிறுமாக, கண்கள் கலங்கியபடி கவுன்சிலர் வந்து முதல் கரண்டியை ஒரு முதியவரின் கோப்பையில் ஊற்றினார். அப்போதுதான் வரிசைக்கு அப்பால் கூடாரக் கம்பத்தில் சாய்ந்தபடி, கைத்தொலைபேசியை உயர்த்தி ஒருவர் இதையெல்லாம் படம் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். வால்தம்ஸ்டோக்காரர். லண்டனின் மறுகோடியிலிருந்து, மழையில், எங்கள் கஞ்சியைப் படம் எடுக்க வந்திருக்கிறார்.

நெருக்கடி நேரத்தில் நிதானமாக யோசிக்க வேண்டும் என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் யோசித்தேன். கரண்டியைப் பிடுங்கினால் அதையும் அவர் படம் எடுப்பார். உபயம் எங்களுடையதல்ல என்று அறிவித்தால் அது பொய், அதைச் சொல்ல அக்கா உயிர் போனாலும் சம்மதிக்கமாட்டார். படத்தை அழிக்கச் சொல்லிக் கெஞ்சினால் குற்றத்தை நாங்களே ஒப்புக்கொண்டதாகும். மிஞ்சியது ஒரே வழி. குற்றத்தில் அவரையும் சேர்த்துக்கொள்வது.

செயலாளரிடம் ஓடினேன். “ஐயா, இன்னொரு வேட்பாளரும் வந்திருக்காரு. அவரைக் கூப்பிடாம விட்டா கோயில் பக்கம் சாயுதுன்னு பேச்சு வரும்.”

செயலாளருக்குப் பாராட்ட இன்னொருவர் கிடைத்த சந்தோஷம். “வால்தம்ஸ்டோவிலிருந்து வருகை தந்திருக்கும் மற்றைய வேட்பாளர் அவர்களையும் கஞ்சி பரிமாற அன்புடன் அழைக்கிறோம்!”

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. கோயிலில் நீட்டிய கரண்டியை மறுக்கிற தமிழனை நான் இன்னும் சந்திக்கவில்லை. தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, சட்டைக் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். கரண்டியை வாங்கினார். நான் என் தொலைபேசியை எடுத்தேன். நல்ல வெளிச்சம், பின்னால் ஆவி, முகத்தில் பக்தி. இதைவிடத் தெளிவான சாட்சியம் எந்த நீதிமன்றத்திலும் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கவுன்சிலரை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். “அண்ணே, இனிமே கரண்டியைத் தொடாதீங்க. உள்ளே போய் உட்காருங்க.”

“என்ரை அம்மாவின்ரை கஞ்சி, தம்பி.”

“தெரியும் அண்ணே. மறுபடி தேர்தல்ல நிக்கவே முடியாமப் போகும்.”

அவர் உள்ளே போய், சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். திறந்திருந்த கதவு வழியே, தன் தாயின் கஞ்சியை வேறொருவர் ஊற்றுவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னோடு பேசவில்லை.

வால்தம்ஸ்டோக்காரர் ஐந்து நிமிடத்தில் நழுவிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நகரவில்லை. தூறல் மழையானது, கூடாரத்தின் ஓரம் ஒழுகியது, அவர் தலை நனைந்தது. வந்தவர்களிடமெல்லாம் கதைத்தார். “ஆச்சி, கவனம், சுடும். பிள்ளைக்கு இன்னொண்டு தரட்டோ?” “தம்பி எந்த ஊர்?” என்று கேட்டார்கள், சொன்னார். சொந்தக்காரர்கள் இரண்டு பேர் புதிதாக முளைத்தார்கள். பிந்தி வந்தவர்கள் ஒலிபெருக்கியைக் கேட்கவில்லை. கஞ்சி அவருடைய உபயம் என்று நினைத்துக்கொண்டார்கள். “உந்தப் பொடியன் மழைக்குள்ள நிண்டு ஊத்துது. மற்ற ஆள் உள்ளுக்க கதிரையில,” என்று ஒரு பெண்மணி என் காதருகிலேயே சொன்னார். அவர் வீட்டை நாங்கள் ‘நிச்சயம்’ என்று குறித்திருந்தோம்.

கடைசி அண்டா காலியானதும் வால்தம்ஸ்டோக்காரர் என்னிடம் வந்தார். நான்தான் முதலில் கேட்டேன்.

“தம்பி, நீங்க எடுத்த படத்தை வெச்சு என்ன செய்யப் போறீங்க?”

“ஒண்டுமில்லை அண்ணை. சும்மா எடுத்தது.” ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “நீங்களும் என்னை எடுத்தனீங்களெல்லோ? அதை எனக்கு அனுப்பிவிடுங்கோவன்.”

ஆகா, பேரம் பேசுகிறார் என்று எனக்குப் புரிந்தது. உன்னிடம் என் படம், என்னிடம் உன் படம். இருவரும் வாயை மூடிக்கொள்வோம். இவ்வளவு நாகரிகமாகவும் மிரட்ட முடியுமா என்று வியந்துகொண்டே அன்றே அனுப்பிவைத்தேன். புகார் எதுவும் வரவில்லை. நெருக்கடியை முறியடித்துவிட்டதாக நாட்குறிப்பில் எழுதினேன். அடிக்கோடு போட்டேன்.

வாக்களிப்புக்கு முந்திய கிழமை என் வீட்டுக் கதவிடுக்கு வழியாக ஒரு லீஃப்லெட் விழுந்தது. வழவழப்பான தாள். நடுவில் ஆவி, அதற்குப் பின்னால் பக்தி முகம், கையில் கரண்டி. மேலே ஒரு வரி: ‘மழையிலும் மக்களோடு’. வெஸ்ட் ஈலிங்கில் விழுந்தது, ஹரோவில் விழுந்தது, வால்தம்ஸ்டோவில் சொல்லவே வேண்டாம். கையேட்டை எடுத்து ஆராய்ந்தேன். உணவுக்குச் செலவு செய்தவர் அவரல்ல, ஆகவே குற்றமும் அவருடையதல்ல. குற்றம் என்று ஒன்று இருந்தால் அது முழுக்க எங்களுடையது, புண்ணியம் முழுக்க அவருடையது. சட்டம் எவ்வளவு நுட்பமானது என்று அன்றுதான் முழுதாக உணர்ந்தேன்.

வாக்கு எண்ணிய மண்டபத்தில் பெரிய கட்சிகளின் வாக்குகள் கட்டுக்கட்டாகக் குவிந்தன. எங்கள் இருவருடையதும் மேசையின் ஓரத்தில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. இரண்டு பேரும் தோற்றார்கள். ஆனால் அவர் எங்களைவிட மிக உயரத்தில் தோற்றார். அவருடைய குவியலைப் பார்த்து ஒரு பெரிய கட்சிக்காரர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். எங்கள் குவியலைப் பார்த்துவிட்டு ஒருவர் கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்டார்.

வால்தம்ஸ்டோக்காரர் எங்களிடம் வந்தார். கவுன்சிலரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“அண்ணை, அண்டைக்குக் கஞ்சி ஊத்த விட்டதுக்கு நன்றி. சும்மா சொல்லேல்லை. அம்மா அந்த வீடியோவை இன்னும் போட்டுப் பாக்கிறா.”

“எந்த வீடியோ?” என்றேன் நான்.

“நீங்கள் கேட்டியளே, அதுதான். அம்மா படுக்கையில. நடக்க ஏலாது. சித்திரைக் கஞ்சிக்குப் போய்ப் பாத்து, படம் எடுத்துக்கொண்டு வா எண்டு அவதான் அனுப்பினவ. அதுக்குத்தான் வந்தனான். தேர்தலுக்கு எண்டா நான் ஏன் லீஃப்லெட் இல்லாமல் வாறன்?”

கவுன்சிலர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

“தம்பி,” என்றார், “நீங்கள் என்னைக் கோட்டிலயிருந்து காப்பாத்திப்போட்டியள். உங்களிட்டையிருந்து என்னை ஆர் காப்பாத்துறது?”

அதன்பிறகு அவர் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. நிற்கும் உரிமையை நான் பத்திரமாகக் காப்பாற்றிக் கொடுத்திருந்தேன். அதை அவர் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. நானும் அத்தோடு விலகிக்கொண்டேன். அந்த இளைஞர் பின்னர் பெரிய கட்சியொன்றில் சேர்ந்து நன்றாக இருக்கிறார். நல்லவர்தான். அவருடைய அறையில் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகக் கேள்வி. எடுத்தவரின் பெயர் எங்கும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கையேட்டைப் படியுங்கள், அவசியம் படியுங்கள். ஆனால் யாராவது தொலைபேசியை உயர்த்திப் படம் எடுப்பதைக் கண்டால், வியூகம் வகுப்பதற்கு முன் பக்கத்தில் போய், “யாருக்காக எடுக்கிறீங்க?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எனக்கு அந்தக் கேள்வி இரண்டு மணி நேரம் பிந்தித்தான் வாயில் வந்தது, அதையும் தப்பாகக் கேட்டேன்.

அடுத்த சித்திரைப் பூரணைக்கு அக்காவே தொலைபேசியில் அழைத்தார். “வாங்கோ தம்பி. இந்த முறை தேர்தல் ஒண்டும் இல்லை. சந்திரனும் உங்களைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார்.”

போனேன். அதே கூடாரம், அதே ஒலிபெருக்கி. ‘முன்னாள் கவுன்சிலர்’ என்று மட்டும் அறிவித்தார்கள். அவர் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, வியர்வை ஒழுக ஒழுக, ஒரு கரண்டியையும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வரிசையில் கடைசியில் நின்றேன். என் முறை வந்ததும் கரண்டியை அண்டாவுக்கும் என் கோப்பைக்கும் நடுவில் அப்படியே நிறுத்தினார்.

“சட்டப்படி உங்களுக்கு ஊத்தலாமோ, தம்பி?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

கூடாரமே சிரித்தது. நான் கோப்பையை நீட்டினேன். விரல் சுடும்வரை ஊற்றினார்.